தும்மலும் சொல்லும்: இளவேனில் இல்லாத நாட்டில் ஒவ்வாமை



மொழியியல் படித்த ஒருவர் தும்மலைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவர் அல்லேன். எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை வேளை என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. அதைச் சொல்லவும் போவதில்லை. ஆனால் ஒரு நோய்க்குத் தவறான பெயரிட்டால் அதன் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுவோம். காரணத்தைத் தவறான இடத்தில் தேடினால் மருந்தும் வீண், நாளும் வீண். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அது தோன்றிய முதலையும் தனித்தனியே நாடச் சொல்வதை நம் மாணவர்கள் மனப்பாடமாக அறிவார்கள். அந்த நாட்டம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது என்பது என் எண்ணம். அந்த அளவில் இன்றைய பொருளில் எனக்கும் சிறிது பங்குண்டு.

ஆங்கிலப் பாடநூல்களிலும் மேனாட்டுச் செய்திகளிலும் ஆண்டுதோறும் ஒரு சொல் வருகிறது: 'ஹே ஃபீவர்'. இளவேனிற்காலத்தில் மரமும் புல்லும் பூக்கும்போது மகரந்தம் காற்றில் பரவி, மக்கள் தும்மியும் கண் கசிந்தும் வாடுவதற்கு அங்கே அதுவே பெயர். இதைத் தமிழில் 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயர்ப்போர் உளர். இந்தப் பெயர்ப்பில் இரண்டு பிழைகள் அடங்கியுள்ளன. வைக்கோல் என்பது கதிரடித்தபின் எஞ்சும் நெற்றாள்; ஆங்கிலேயர் 'ஹே' என்பதோ பூக்கும் பருவத்தில் அறுத்து, வெயிலில் உலர்த்தி, கால்நடைக்குச் சேமிக்கும் புல். வைக்கோலைப் போரிடும் நம் உழவருக்கும் புல்லை உலர்த்தும் இங்கிலாந்து உழவருக்கும் இடையே பயிரும் வேறு, பருவமும் வேறு. இரண்டாவதாக, இந்நோயில் காய்ச்சலே இல்லை. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் உடல் இயல்பான சூட்டிலேயே இருக்கும்.

பிழை மொழிபெயர்ப்பாளருடையது மட்டுமன்று என்பதையும் சொல்லவேண்டும். ஆங்கிலப் பெயரே பிழையானது. 1819-ஆம் ஆண்டு ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர் இலண்டனில் ஒரு மருத்துவக் கழகத்தின்முன் ஒரு நோயாளியின் வரலாற்றை எடுத்துரைத்தார். ஒவ்வோர் ஆண்டும் சூன் மாத வாக்கில் கண் அரிப்பு, தொடர்தும்மல், மூச்சுத் திணறல். அந்த நோயாளி அவரேதான். 1828-இல் மீண்டும் எழுதியபோது இதற்குக் 'கோடைச் சளி' என்னும் பொருள்தரும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஊர்மக்களோ புதுப்புல் உலர்த்தும் காலத்தில் வருவதைக் கண்டு, புல்லின் மணமே காரணம் என்று தாமே ஒரு பெயரை வைத்துவிட்டார்கள். பாஸ்டாக் அதை ஏற்கவில்லை. வெயிலும் வெப்பமுமே காரணம் என்றார். மக்களும் மருத்துவரும் ஆளுக்கொரு வகையில் தவறினார்கள். மான்செஸ்டரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்னும் மருத்துவர், தாமும் அந்நோயால் வருந்தியவர், புல்லின் மகரந்தத்தைத் தம் மூக்கிலும் தோலிலும் வைத்துச் சோதித்தார். பட்டம் பறக்கவிட்டு உயரத்துக் காற்றில் மிதக்கும் மகரந்தத்தையும் பிடித்தார். 1873-இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகே உண்மைக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. ஊன்றிய பெயரைப் பிடுங்குவது எளிதன்று; மொழி மாணவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. தொல்காப்பியர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெரும்பொழுதுகளை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். சன்னலைத் திறந்தால் அவற்றுள் எதுவும் கண்ணிற் படுவதில்லை. இங்கு இருப்பவை இரண்டு பருவக்காற்றுகள், அவற்றுக்கிடையே சில மாதங்கள், எப்போதும் ஈரம். தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் ஓர் இலையுதிர்காலம் தெரியும்: ஆண்டின் தொடக்க மாதங்களில் பால்மரங்கள் இலையுதிர்த்துச் செந்தளிர் விட்டுப் பூக்கும் காலம் அது. அதை நம் நாட்டு இளவேனில் என்று கவிஞர் ஒருவர் பாடலாம். மருத்துவர் அப்படிச் சொல்லமாட்டார்.

மகரந்தம் நமக்கு அறவே அயலானது என்பதும் பொருந்தாது. செம்பனைத் தோட்டங்களில் மகரந்தத்தைத் தொழிலாளர்கள் கையால் தூவிய காலம் ஒன்று இருந்தது. மகரந்தத்தை முகப்பூச்சு மாவுபோன்ற வெள்ளைத்தூளுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூங்கொத்தின்மேல் ஊதவேண்டும். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு சிறு வண்டினம் முதன்முதலாக நம் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. அன்றுமுதல் அந்த வேலையை வண்டுகள் எடுத்துக்கொண்டன. செம்பனை மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டுவதைச் சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் நம் பிள்ளைகள் காலையில் எழுந்து அடுக்கடுக்காகத் தும்முவதற்குப் பெரும்பாலும் அது காரணமன்று. காரணம் தோட்டத்தில் இல்லை; தலையணையில் இருக்கிறது. அதற்குச் சிறிது பின்னர் வருகிறேன். முன்னதாக 'ஒவ்வாமை' என்னும் சொல்லைப் பார்த்துவிடுவோம்.

'அலர்ஜி' என்பது பழைய கிரேக்கச் சொல் அன்று. வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1906-ஆம் ஆண்டில் ஆக்கிய சொல் அது. 'வேறு' என்னும் பொருளுடைய ஒரு கிரேக்கச் சொல்லையும் 'செயல்' என்னும் பொருளுடைய மற்றொன்றையும் இணைத்தார். ஒரு பொருளை முதன்முறை சந்திக்கும்போது ஒருவிதமாகவும் மறுமுறை சந்திக்கும்போது வேறுவிதமாகவும் உடல் செயல்படுகிறது என்பது அவர் கண்டது. முதற் சந்திப்பில் ஒன்றும் நேராது. உடல் அப்பொருளை நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னொரு நாள் அதே பொருள் வரும்போது அதைப் பகையெனக் கொண்டு படை திரட்டுகிறது. இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்புப் புரதம் 1960-களில் கண்டறியப்பட்டபின் அந்தப் படைதிரட்டலின் வழிமுறை விளங்கிற்று. அப்புரதம் ஒட்டியுள்ள உயிரணுக்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடுகின்றன. அரிப்பும் தும்மலும் நீர்வடிதலும் அவற்றின் விளைவு.

இச்சொல்லுக்கு இணையாகத் தமிழில் நிலைபெற்றது 'ஒவ்வாமை'. 'ஒவ்வு' என்னும் வினையடியும் 'ஆ' என்னும் எதிர்மறை இடைநிலையும் 'மை' விகுதியும் சேர்ந்த எதிர்மறைத் தொழிற்பெயர் இது. ஒப்பு, ஒத்தல் ஆகியவற்றோடு ஒரே வேர்க்குடும்பம். அறிவியலுக்காக ஆக்கப்பட்டதுபோல் தோன்றினாலும், இதன் கருத்து நம் பேச்சில் நெடுங்காலமாக இருந்து வருவது. தோட்டப்புறப் பேச்சுத்தமிழைப் பதிவு செய்யச் சென்ற நாள்களில் மூத்த தாய்மார்களிடம் நான் அடிக்கடி கேட்டவை: "எனக்கு இறால் சேராதுப்பா", "பனி ஒத்துக்கல", "அவனுக்குக் கத்திரிக்காய் ஆகாது." இந்த வாக்கியங்களின் அமைப்பைக் கவனியுங்கள். நோயாளி எழுவாயாக வருவதில்லை. 'எனக்கு', 'அவனுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். இறால் எழுவாய், ஆயினும் அது எவரையும் தாக்குவதாகச் சொல்லப்படவில்லை. சேரவில்லை, அவ்வளவே. குற்றம் இறாலில் இல்லை. அதே இறாலை அண்ணன் உண்பான், தம்பிக்கு மட்டும் உதடு வீங்கும். இருவர்க்கிடையே உள்ள உறவு பொருந்தவில்லை என்று சொல்லும் இந்த இலக்கணம், பிர்க்கே கண்டதற்கு மிக அருகில் வருகிறது.

மலாய்மொழியில் இதற்கு 'அலாஹான்' என்பர். 'அலாஹ்' என்றால் தோற்றல், தாங்கமாட்டாமை. கருவுற்ற தாய்க்கு வரும் மசக்கைக்கும் அதே சொல்லை ஆளுவர். அங்கே உடல் தோற்றுப்போகிறது. இங்கே உடலும் பொருளும் பொருந்தாமற் போகின்றன. இரண்டும் அழகிய சொற்களே. ஆனால் இரண்டிலும் ஒன்று விடுபடுகிறது. உண்மையில் உடல் தோற்கவில்லை. தேவைக்கு மீறிப் போர் செய்கிறது. இதை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர் அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் போதும். சொல்லை மாற்றவேண்டிய தேவை எதுவுமில்லை.

சிக்கல் 'ஒவ்வாமை'யில் இல்லை. அச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் 'சளி' உட்கார்ந்திருப்பதே சிக்கல்.

சளி என்பது ஒரு பொருளின் பெயர். மூக்கிலும் நெஞ்சிலும் சுரக்கும் குழைமம். அந்தப் பொருளின் பெயரையே நோய்க்கும் வைத்துவிட்டோம். தமிழில் இதற்கு வேறு பெயர்களும் உண்டு. நீர்க்கோவை என்போம், சலதோஷம் என்போம்; யாழ்ப்பாணத்தார் தடிமன் என்பர், தென்பாண்டியில் தடுமன் என்பர்; சித்த மருத்துவம் நாள்பட்ட மூக்கு நோய்களைப் பீனிசம் என்று தனியே பிரித்தது. மலாய் அயலார் 'ரெஸ்டோங்' என்பதும் ஏறக்குறைய அந்தப் பீனிசத்தையே. முன்னோர் ஒரு வேறுபாட்டைக் கண்டிருந்தார்கள் என்பதற்கு இச்சொற்கள் சான்று. இன்றைய வீட்டுப் பேச்சிலோ எல்லாம் சளியாகிவிட்டன. தொற்றினால் வருவதும் சளி, ஒவ்வாமையால் வருவதும் சளி.

விளைவு என்ன? ஒரு மாணவி ஆண்டு முழுவதும் மூக்கை உறிஞ்சுகிறாள். வீட்டில் "அவளுக்குச் சளி உடம்பு" என்கிறார்கள். வாழைப்பழம் நிறுத்தப்படுகிறது, தயிர் நிறுத்தப்படுகிறது, குளிர்ந்த நீர் மறுக்கப்படுகிறது, தலைக்குக் குளிப்பது குறைக்கப்படுகிறது. குளித்த தலையை உலர்த்தச் சாம்பிராணிப் புகை காட்டப்படுகிறது. பழமும் தயிரும் இதற்குக் காரணமல்ல. புகையோ ஏற்கெனவே புண்பட்ட மூக்கை மேலும் எரிக்கிறது. கடையில் ஓர் இருமல் மருந்து, அடுத்த மாதம் இன்னொன்று. சில வீடுகளில் பழைய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளின் மிச்சமும் கொடுக்கப்படுகிறது. ஒவ்வாமைக்கு அது எவ்வகையிலும் உதவாது. பள்ளியிலோ அவள் துப்புரவற்றவள் என்றும், தூங்குமூஞ்சி என்றும், கவனக்குறைவானவள் என்றும் பெயர் வாங்குகிறாள். அவள் இரவெல்லாம் வாய்வழியே மூச்சு வாங்கி அரைத்தூக்கம் தூங்கியவள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

ஆசிரியப் பெருமக்களே, வகுப்பறையில் நின்றபடியே நீங்கள் இவ்விரண்டையும் பெருமளவுக்குப் பிரித்தறிய முடியும். தொற்றுச் சளி ஏழெட்டு நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் அடங்கும். தொண்டை வலிக்கும், உடம்பு வலிக்கும், சில வேளை காய்ச்சல் இருக்கும். வீட்டில் மற்றவருக்கும் தொற்றும். ஒவ்வாமை அடங்காது; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடரும். அதில் காய்ச்சல் இல்லை, அரிப்பு உண்டு. மூக்கு அரிக்கும், கண் அரிக்கும், மேலண்ணம்கூட அரிக்கும். வடிவது தண்ணீர்போல் தெளிந்திருக்கும். தும்மல் ஒன்றிரண்டாக வராது, எட்டும் பத்துமாக அடுக்கும். அதுவும் எழுந்தவுடன் மிகுதி. உள்ளங்கையால் மூக்கின் நுனியை மேல்நோக்கித் தேய்க்கும் பழக்கம் அப்பிள்ளையிடம் இருக்கும். அதை ஆங்கில மருத்துவர்கள் வணக்கம் வைப்பதற்கு ஒப்பிட்டுப் பெயரிட்டுள்ளனர். நாளடைவில் மூக்கின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். கண்ணுக்குக் கீழே கருமை படரும். இவற்றைக் கண்டால் பெற்றோரிடம் "பிள்ளைக்குச் சளி" என்று சொல்லாதீர்கள். "ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். இந்தச் சொல்மாற்றம் பெற்றோர் மருத்துவரிடம் சொல்லப்போவதையும் மாற்றும். "அடிக்கடி சளி பிடிக்குது" என்று கேட்கும் மருத்துவர் ஒரு வழியில் சிந்திப்பார். "காலையில் மட்டும் பத்துத் தும்மல், கண் அரிக்குது, ஆறு மாதமா இருக்குது" என்று கேட்பவர் வேறு வழியில் சிந்திப்பார்.

இப்போது தலையணைக்கு வருகிறேன். வீட்டுத் தூசு ஒவ்வாமை தரும் என்பது முன்பே தெரிந்திருந்தது. தூசில் எது என்பது தெரியவில்லை. 1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோரின் குழு, தூசில் வாழும் கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் உயிரியே முதன்மைக் காரணம் என்று காட்டிற்று. ஒரு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்குதான் அதன் நீளம். இதைத் தமிழில் 'தூசுச் சிற்றுண்ணி' எனலாம். மாட்டின்மேலும் நாயின்மேலும் நாம் காணும் உண்ணியின் தூரத்து உறவு அது, ஆனால் கடிப்பதில்லை. (மாணவர் எழுதும்போது 'சிற்றுண்டி' ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் தலைகீழாகிவிடும்: அது நம் சிற்றுண்டியன்று, நம் தோலிலிருந்து உதிரும் செதில்களே அதன் சிற்றுண்டி.) அதன் எச்சம் நுண்துகளாகி, நாம் படுக்கையில் புரளும்போது எழுந்து மூக்கில் நுழைகிறது. நம் உடல் போர் தொடுப்பது அந்த எச்சத்திலுள்ள புரதங்களோடு.

இச்சிற்றுண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தையே உடலில் ஏற்கிறது. ஆகவே குளிர்நாடுகளில் உலர்ந்த பனிக்காலத்தில் அது தொகையிற் குறையும். நம் ஊரில் அதற்குக் குறைவே இல்லை. ஐரோப்பிய வீடுகளில் காணப்படும் இனத்தோடு, வெப்பமண்டலத்துக்குரிய 'புளோமியா டிராபிகாலிஸ்' என்னும் இனமும் மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. மேனாட்டார்க்கு மகரந்தம் மூன்று மாதத் தொல்லை. நமக்குச் சிற்றுண்ணி பன்னிரு மாதத் தொல்லை. 'பருவ ஒவ்வாமை' என்ற தொடரை அப்படியே பெயர்த்து நம் பாடநூலில் வைத்தால், பருவம் மாறினால் தானே போய்விடும் என்று மாணவன் எண்ணிக்கொள்வான். நம்மிடம் மாறுவதற்குப் பருவமே இல்லை.

தோலில் திடீரென எழும் தடிப்புக்கு நம் முன்னோர் 'காணாக்கடி' என்று பெயரிட்டனர். காணாத ஏதோ ஒன்று கடித்தது என்பது கருத்து. நோயும் வேறு, சிற்றுண்ணி கடிப்பதுமில்லை. எனினும் கண்ணுக்குப் புலப்படாத காரணம் ஒன்று உண்டென்று பெயரிலேயே ஒப்புக்கொண்ட அந்த மனப்பான்மை எனக்குப் பிடிக்கும்.

செய்யக்கூடியவை எவை? முதலில் படுக்கை. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை வெந்நீரில், ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் துவைப்பது சிற்றுண்ணியைக் கொல்லும். குழாய்த் தண்ணீரில் அலசினால் எச்சம் கழுவப்படும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் இருக்கும் சலவைப்பொறிகள் பல தண்ணீரைச் சூடாக்குவதில்லை. அத்தகைய வீட்டார் சுடுநீரில் ஊறவைத்தபின் துவைக்கலாம், பிறகு உச்சிவெயிலில் நன்கு உலர்த்தவேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறைகள் கிடைக்கின்றன. அவற்றை முழுவதும் மூடிப் போடவேண்டும். தாத்தா காலத்து இலவம்பஞ்சு மெத்தை மீது பாசம் இருக்கலாம். ஒவ்வாமையுள்ள பிள்ளைக்கு அதைத் தராதீர்கள். பாயில் படுத்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லையே என்று பெரியவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும்: பாயைத் துடைக்கலாம், உதறலாம், நாள்தோறும் வெயிலில் போடலாம், மெத்தையை அப்படிச் செய்யமுடியாது. துணிப்பொம்மைகள், கனத்த திரைச்சீலை, தரைவிரிப்பு ஆகியன படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். காற்றாடி இறக்கையிலும் குளிர்சாதனத்தின் வடிகட்டியிலும் படிந்த தூசை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் தூசு இடம்மாறும், குறையாது. கரப்பான்பூச்சியின் கழிவும் ஒவ்வாமை தரும் என்பதையும் மறவாதீர்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் செய்தால் பெரும்பயன் இருக்காது. உறைமட்டும் வாங்கிவிட்டு ஓய்ந்தவர்கள் பலர் ஏமாற்றமடைகிறார்கள்.

மருந்தைப் பற்றி மருத்துவரும் மருந்தாளரும் சொல்லட்டும். பெயர்களிலும் பழக்கங்களிலும் நிலவும் குழப்பங்கள் சிலவற்றை மட்டும் சுட்டுகிறேன். நம் வீடுகளில் ஒவ்வாமை மாத்திரை என்றாலே 'பிரிட்டான்' என்று வழங்கும் சிறு மாத்திரை நினைவுக்கு வரும். அது பழைய தலைமுறை மருந்து, தூக்கம் தரும். செட்டிரிசின், லொராட்டடின் முதலிய பின்வந்த மருந்துகள் பெரும்பாலும் தூக்கத்தைக் குறைவாகவே தருகின்றன. பிரிட்டனில் 1,800-க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முன்தேர்வைவிட இறுதித்தேர்வில் தரம் இறங்கிய மாணவரிடையே மகரந்த ஒவ்வாமையின் அறிகுறிகளும், தூக்கம் தரும் மாத்திரை உண்ட பழக்கமும் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. தேர்வு நாளின் காலையில் பிள்ளைக்குத் தாய் அன்போடு தரும் மாத்திரை எது என்பது சிறிய செய்தியன்று. மருத்துவர் தரும் மூக்குத் தெளிப்பு மருந்துகளிலும் இருவகை உண்டு. ஒன்று அழற்சியைத் தணிப்பது. முழுப்பயன் தரச் சில நாள்களிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும், நாள்தோறும் விடாமல் அடிக்கவேண்டும். மற்றொன்று அடைப்பை உடனே திறப்பது. அதை ஒரு வாரத்துக்குமேல் தொடர்ந்து பயன்படுத்தினால் மருந்தே அடைப்பை உண்டாக்கிவிடும். மக்கள் பெரும்பாலும் இவற்றை மாற்றிச் செய்கிறார்கள்: மெதுவாக வேலை செய்வதை இரண்டு நாளில் கைவிட்டு, உடனே திறப்பதை ஆறு மாதம் அடிக்கிறார்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது பலருக்கு உதவுகிறது. அதற்குக் கொதிக்கவைத்து ஆறிய நீரையே கொள்ளவேண்டும், குழாய்நீரை நேராகக் கொள்ளக்கூடாது. இரவில் இருமலும் இழைப்பும் இருந்தால் அதனை மூக்கு நோய் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒவ்வாமை மூக்கிலிருந்து ஆஸ்துமாவரை நீள்வது உண்டு.

அடுத்து, ஒவ்வாமை அல்லாதவற்றையும் ஒவ்வாமை என்று அழைக்கும் எதிர்ப்பக்கப் பிழை. ஜொகூர்க்காரர்களுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 2013 சூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300-ஐத் தாண்டினாலே பேரிடர் என்பது அக்குறியீட்டின் கணக்கு. அன்று கண்ணெரிந்து இருமியவர்கள் ஒவ்வாமையாளர் அல்லர். புகை எவரையும் எரிக்கும். அதற்கு 'உறுத்தல்' அல்லது 'எரிச்சல்' என்பதே பொருத்தமான சொல். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக்கழிவு கொட்டப்பட்டபோது பள்ளிப்பிள்ளைகள் மூச்சுமுட்டி வாந்தியெடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மருத்துவ உதவி நாடினர். வட்டாரப் பள்ளிகள் யாவும் மூடப்பட்டன. அது உறுத்தலும் அன்று, நச்சு. நஞ்சுக்கு 'ஒவ்வாமை' என்று பெயரிட்டால் பழி பிள்ளையின் உடம்பின்மேல் விழும். கழிவைக் கொட்டியவன் தப்பித்துக்கொள்வான். நச்சு எல்லாரையும் தாக்கும். உறுத்தல் அளவு மிகுந்தால் எல்லாரையும் வருத்தும். ஒவ்வாமை சிலரை மட்டும், சிறிதளவிலேயே வருத்தும். மூன்று சொற்களையும் மூன்று இடத்தில் வையுங்கள். ஒவ்வாமையுள்ள பிள்ளை புகைமூட்ட நாளில் இருமடங்கு துன்புறும் என்பதும் உண்மை. அந்நாளில் அப்பிள்ளையைத் திடலுக்கு அனுப்பாமல் இருப்பதற்குக் குறியீடு எல்லை தாண்டட்டும் என்று காத்திருக்கவேண்டியதில்லை.

இளவேனில் நமக்கு இல்லை என்றேன். நம் பிள்ளைகளுக்கு அது வரக்கூடும். மேற்படிப்புக்காகக் கடல்கடந்து செல்லும் மாணவர்கள் பலர். அங்கே முதலாண்டு ஒன்றும் இராது; பிர்க்கே சொன்னபடி உடல் நினைவில் கொள்ளும் காலம் அது. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் தும்மல் தொடங்கும். "இங்கே வந்து மூன்று வருடமாச்சு, இப்பத்தான் சளி பிடிக்குது" என்று வீட்டுக்குத் தொலைபேசுவார்கள். வீட்டிலிருந்து கசாயக் குறிப்பு போகும்.

2016 நவம்பர் 21 மாலை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அத்தகைய வீடுகள் அறிந்திருக்கவேண்டும். அங்கு அது இளவேனிலின் இறுதி. ரை என்னும் புல்லின் மகரந்தம் காற்றில் நிறைந்திருந்தது. இடிமழை ஒன்று நகரைக் கடந்தது. மழையின் ஈரத்தில் மகரந்தமணிகள் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகள்களாயின. சில மணிநேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளை நாடினர். பத்துப் பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களுள் பலர் அதற்குமுன் ஆஸ்துமா என்று கண்டறியப்படாதவர்கள். தும்மலும் கண் அரிப்பும் மட்டுமே இருந்தவர்கள். இந்தியாவிலிருந்தும் ஆசியாவின் பிற நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள், மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிட மிகுதியாகப் பாதிக்கப்பட்டார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கண்டன.

ஆகவே இந்த அவையில் உள்ள மாணவர்களுள் அடுத்த ஆண்டு மெல்பர்னுக்குச் செல்வோர் இருந்தால் அவர்களுக்கு: அக்டோபர் முதல் திசம்பர்வரை அங்கே மகரந்த முன்னறிவிப்பு நாள்தோறும் வெளியாகிறது, வெயில் நிலவரத்தைப் பார்ப்பதுபோல் அதையும் பாருங்கள். இடிமழை அறிவிக்கப்பட்ட நாளில் மழைக்குமுன் வீசும் காற்றில் வெளியே நிற்காமல் உள்ளே சென்று சன்னலை அடையுங்கள். இங்கேயே காலைத்தும்மல் உள்ளவர்கள், புறப்படுமுன் மருத்துவரிடம் காட்டி, உங்கள் ஒவ்வாமை எதனோடு என்று சோதித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை இப்போதே அமைத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் 'சளி' என்பதற்கு நிகரான சொல் வரவேண்டாம். எப்போது, எங்கே, எத்தனை நாளாக, அரிப்பு உண்டா, இரவில் இழைப்பு உண்டா என்பவை வரட்டும்.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடிகிறது. 'மகரந்தம்' என்னும் சொல் வடமொழியில் பூந்தேனைக் குறித்துப் பின்னர் நம்மிடம் பூந்தூளானது பற்றியும், சங்கத்தார் ஆண்ட 'தாது' என்னும் சொல்லை மீட்கலாமா என்பது பற்றியும் கேட்க விரும்புவோர் இருப்பின் வினாநேரத்தில் பேசலாம்.